சொந்தக்காரரை உள்ளே விடாத வீடு

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, விரல் ரேகை வைத்து, சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு டம்ளர் கரும்புச்சாறு குடித்துவிட்டு, கைப்பைக்குள் இருந்த சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஆட்டோவில் வந்து இறங்கிய அமலோற்பவம், பால் காய்ச்சுவதற்காக வாங்கிய புதுப் பாத்திரத்தோடு தன் வீட்டு வாசற்படியில் வலது காலை எடுத்து வைத்தபோது, அந்தக் கால் வீட்டுக்குள் போகாமல் தெருவில் போய் ஊன்றியது.

தலைசுற்றல் என்று நினைத்தாள். மறுபடியும் படியேறினாள். திறந்த கதவு வழியே கூடமும், கூடத்தின் கோடியில் சமையல் மேடையும், மேடைமேல் விழுந்திருந்த வெயிலும் தெளிவாகத் தெரிந்தன. கால் வைத்தாள். முகம் வீட்டைப் பார்த்தபடி, பாத்திரத்துப் பால் ஒரு சொட்டும் சிந்தாமல், தெருவில் நின்றாள். பின்பக்கம் கொய்யா மரத்தடிக் கதவு வழியாகப் போய்ப் பார்த்தாள், அப்போதும் முன்பக்கத் தெருவில்தான் நின்றாள். எதிர்வீட்டுக் கோமதிநாயகி தன் மெஸ்ஸிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, அமலோற்பவத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேராகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தூக்கியவர்கள் காலி நாற்காலியோடு கூடத்தில் நின்றார்கள். அமலோற்பவம் தெருவில் நின்றாள்.

வீட்டை விற்ற பரஞ்சோதி, பணத்தை வங்கியில் போட்டுவிட்டு அந்த வழியாக வந்தவர், கூட்டத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி விட்டு நேராக உள்ளே போய்விட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, வீடும் தடுக்கவில்லை. ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்துவிட்டு, ஈரமான முகத்தோடு வெளியே வந்தார்.

"எனக்கும் இதேதாம்மா, வாங்கின நாள்லேருந்து," என்றார். "பத்திரத்துல யார் பேர் இருக்கோ அவங்களுக்கு உள்ள வழி கிடையாது. கூடத்துல நான் போட்ட தரை இவ்வளவு நல்லா இருக்கும்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

கூட வந்திருந்த தரகர் மைதீன் பாய்தான் பதில் சொன்னார். "சொன்னா வாங்கியிருப்பீங்களா சிஸ்டர்?"

அமலோற்பவம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஆயுள் முழுவதும் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குவார்ட்டர்ஸிலும் ஹாஸ்டலிலும் பிறத்தியார் மாடியறைகளிலுமாக, சாவி எப்போதும் வேறொருவர் கையில் இருக்கும் இடங்களில் உறங்கி எழுந்து பழகியவள். காரைவயலில் வீடு வாங்கச் சொன்னதும் மைதீன் பாய்தான். காரைவயல் கல்லூரியால் பிழைக்கிற ஊர். மற்ற ஊர்களில் தை மாதம் அறுவடை என்றால் அங்கே ஜூன் மாதம் அறுவடை. பெட்டியும் பாயும் அம்மா அப்பாவுமாகப் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, ஜெராக்ஸ் கடைக்காரர்களும் மெஸ்காரர்களும் வீட்டுக்காரர்களும் பஸ் நிலையம் வரை போய் நின்று எதிர்கொண்டு அழைப்பார்கள். "ஒரு வீடு வாங்கிப் போட்டுட்டு வாடகைக்கு விட்டுட்டா, பென்ஷனுக்கு மேல ஒரு பென்ஷன் சிஸ்டர்," என்றிருந்தார் மைதீன் பாய். ஆசிரியர் காலனி இரண்டாம் தெருவில் அந்த ஒற்றைத் தள வீட்டை அவர் காட்டியபோது, அமலோற்பவம் தாராளமாக உள்ளே போய் ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடிப் பார்த்திருந்தாள். அப்போது அவள் சொந்தக்காரி இல்லை.

"ஒண்ணும் கெட்டுப்போகல," என்றார் மைதீன் பாய். "உங்க அண்ணன் மகன் பேருக்கு மாத்தி எழுதிடுவோம். நீங்க ஜோரா உள்ள போய் வரலாம்."

அமலோற்பவம் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "மாத்தி எழுதினா அது அவன் வீடு பாய். நான் விருந்தாளி. இத்தனை வருஷம் எல்லா இடத்துலயும் நான் அதுதானே?" என்று சொல்லிவிட்டு, பாலைக் கோமதிநாயகியிடம் கொடுத்து உள்ளே போய்க் காய்ச்சச் சொன்னாள். பொங்கியதும் கோமதிநாயகி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். அமலோற்பவம் தெருவில் நின்றபடியே சிலுவை போட்டுக்கொண்டாள்.

தெரு அதை ஏற்றுக்கொள்ள அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. மின்வாரியத்திலிருந்து வந்தவர் ஓனர் உள்ளே வந்து மீட்டரைக் காட்ட வேண்டும் என்றபோது, பக்கத்து வீட்டு ஆசிரியர், "அவங்களால உள்ள வர முடியாதுங்க, அவங்கதான் ஓனர்," என்றார். வந்தவரும் சரி என்று தலையாட்டிக் குறித்துக்கொண்டு போனார். வீட்டு வரி வசூலிக்க வந்தவர் தெருவிலேயே ரசீது எழுதிக் கொடுத்தார். வாடகைக்குக் குடிவந்த கல்லூரிப் பெண்கள் செல்போனில் வீட்டின் உட்புறத்தைப் படம் பிடித்து அனுப்பினால், அமலோற்பவத்தின் போனில் அந்தப் படத்தில் தெருதான் இருந்தது, தெருவில் போனைப் பார்த்தபடி அவளே நின்றுகொண்டிருந்தாள். படம் அனுப்புவதை விட்டுவிட்டு அவர்கள் வாயால் சொல்லத் தொடங்கினார்கள். சமையலறைச் சுவருக்கு என்ன நிறம் அடித்தால் நன்றாக இருக்கும், கூடத்தில் எங்கே ஓதம் ஏறுகிறது, மழை பெய்தால் எந்த மூலையில் வாளி வைக்க வேண்டும் என்று ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவர்கள் சொல்லச் சொல்ல, இந்தப் பக்கம் நின்று அவள் கேட்டுக்கொள்வாள், கொத்தனாரையும் பிளம்பரையும் வரவழைப்பாள், வேலை முடிந்து அவர்கள் வெளியே வந்ததும் கையைக் காட்டச் சொல்லிச் சுண்ணாம்பின் ஈரத்தைத் தொட்டுப் பார்ப்பாள். கோமதிநாயகி மெஸ்ஸின் மாடியறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, எதிரே தன் வீட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

காரைவயலின் மற்ற வீட்டுக்காரர்கள் நினைத்த நேரத்தில் கதவைத் தட்டுவார்கள். அடுப்பில் என்ன கொதிக்கிறது, கொடியில் யார் துணி காய்கிறது, யார் வந்து தங்கினார்கள் என்று எட்டிப் பார்ப்பார்கள். அமலோற்பவத்தின் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை என்று தெரிந்ததும், ஒரு தொகுதிப் பெண்கள் படித்து முடித்துப் போவதற்குள் அடுத்த தொகுதிப் பெண்கள் வந்து சொல்லிவைத்துவிட்டுப் போனார்கள். இடத்தின் விலை ஏறியது. மூன்று மாடி ஹாஸ்டல் கட்டப்போகிறோம் என்று யார் யாரோ வந்து கேட்டார்கள். அவள் கொடுக்கவில்லை. "உள்ள போக முடியாத வீட்டை வச்சிருந்து என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டவர்களிடம், "அது இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

அந்த வீட்டுக்குக் கடைசியாகக் குடிவந்த பெண்களில் ஒருத்தி தமயந்தி. சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். முதல் மழைக்காலத்தில் அவளுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தபோது அமலோற்பவத்தால் உள்ளே போய் நெற்றியைத் தொட முடியவில்லை. தமயந்தி ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள், அமலோற்பவம் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நின்று நாடி பார்த்தாள். காய்ச்சல் இறங்கும்வரை காலையும் மாலையும் அந்தக் கை வெளியே வந்தது. பிறகு காய்ச்சல் இல்லாத நாட்களிலும் சும்மா வந்தது.

கடைசிப் பரீட்சைக்குப் படிப்பதற்காகக் கல்லூரியில் விடுமுறை விட்டிருந்தார்கள். கூட இருந்த பெண்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். தமயந்தி மட்டும் போகவில்லை, ஏனென்றால் ஊரில் அவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை முகூர்த்தம், மாப்பிள்ளை அத்தை மகன், படிப்பு போதும் என்று அப்பா போனில் சொன்னார். "பரீட்சை எழுதாம வரமாட்டேன். கல்யாணமும் வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள்.

மறுநாள் காலை அப்பா துரைக்கண்ணு காரில் வந்தார். மூன்று அரிசி ஆலைகளுக்குச் சொந்தக்காரர். இரண்டு மகன்களும் கூட வந்தார்கள். வண்டியை ஓட்டி வந்தவர் வேலாயுதம். மூத்தவன் கேட்டின் பூட்டை ஒரே உதையில் உடைத்தான். சத்தம் கேட்டு அமலோற்பவம் மாடியிலிருந்து ஓடிவந்து கேட்டுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள். அவளுக்குப் பின்னால் வீடு திறந்து கிடந்தது. அவளால் போக முடியாத அந்த வாசல் வழியாக அவர்கள் மூவரும் நொடியில் போய்விட முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"தள்ளுங்க," என்றான் மூத்தவன்.

"என் வீடு. நான் சொல்லாம யாரும் போகக் கூடாது."

"உங்க வீட்டுல எங்க தங்கச்சி இருக்கா."

"இருக்கா. வரமாட்டேங்குறா. வந்தா கூட்டிட்டுப் போங்க."

மெஸ்ஸிலிருந்து கரண்டியோடு கோமதிநாயகி வந்தாள். பக்கத்து வீட்டு ஆசிரியர் போலீசுக்குப் போன் செய்தார். வந்த பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஜன்னலண்டை போய்த் தமயந்தியிடம் பேசிவிட்டு, துரைக்கண்ணுவிடம் திரும்பினார்.

"பொண்ணு மேஜர். அவ இஷ்டமில்லாம யாரும் கூட்டிட்டுப் போக முடியாது. அதோட இது இந்தம்மா வீடு. அவங்க சம்மதமில்லாம கேட்டைத் தாண்டினா அத்துமீறல்னு கேஸ் எழுதிருவேன்."

துரைக்கண்ணு கேட்டையும் வீட்டையும் ஒரு முறை பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்போ வீடு யாருதுங்கறதுதான் விஷயம், இல்லீங்களா?" என்றார்.

மத்தியானம் மெஸ்ஸில் சாப்பாட்டு நேரம் முடிந்து மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் தனியாக வந்து அமலோற்பவத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வெலையச் சொல்லுங்க சிஸ்டர். நீங்க சொல்றதுதான். பேரம் பேசமாட்டேன். என் அக்கா சாகக் கிடக்குறா. அவ மகனுக்குத்தான் பொண்ணுன்னு கையடிச்சுக் குடுத்த வார்த்தை. சொந்த வீட்டுக்குள்ள நான் போறத எந்தப் போலீஸ் கேக்கும்? நீங்க தரலைன்னாலும் பரவாயில்லை. என் பசங்க இன்னைக்கு ராத்திரியே சுவரேறிக் குதிப்பானுங்க. நாளைக்கு ஜெயிலுக்குப் போனா போய்ட்டு வருவானுங்க. முகூர்த்தம் நடந்துடும்."

அவர் மிரட்டுவதுபோல் சொல்லவில்லை, நடக்கப்போவதைச் சொல்வதுபோல் சொன்னார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"சாயங்காலம் சொல்றேன்," என்று எழுந்து, தெருவைக் கடந்து ஜன்னலுக்குப் போனாள்.

தமயந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். புரிந்ததும் அவள் கண்கள் விரிந்தன. "வாங்கிட்டா அவரால உள்ள வர முடியாது!"

"அவர் பேருக்கு வாங்கினாத்தான். அண்ணனுங்க பேரும் சேந்தா மூணு பேராலயும் முடியாது. வேற யார் பேருக்காவது எழுதிட்டா வீடும் போச்சு, உன்னையும் கூட்டிட்டுப் போயிருவாங்க. நானும் தெருவுல நின்னு பாத்துக்கிட்டு இருக்கணும்."

"எங்க வீட்டுல எதை வாங்கினாலும் அவங்க மூணு பேர் பேருலதான் சிஸ்டர். என் பேர்ல ஒரு சைக்கிள்கூட இல்ல. நீங்க ஒண்ணும் சொல்லாம எழுதிக் குடுத்துருங்க."

"சொல்லாம விக்கமாட்டேன். என்கிட்ட சொல்லாமத்தான் வித்தாங்க."

"சொன்னா நம்பிட்டா?"

"அதனாலதான் உன்னைக் கேக்குறேன். நீ வேணாம்னா விக்கல. ராத்திரி இந்தத் தெருவையே கூட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருப்போம், வர்றது வரட்டும்."

தமயந்தி திரும்பித் திறந்து கிடந்த வாசலைப் பார்த்தாள். பிறகு கையை வெளியே நீட்டினாள். அமலோற்பவம் பழக்கத்தில் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"எழுதிக் குடுங்க சிஸ்டர்," என்றாள் தமயந்தி.

சாயங்காலம் அமலோற்பவம் துரைக்கண்ணுவிடம் மறைக்காமல் சொன்னாள். அந்த வீடு சொந்தக்காரரை உள்ளே விடாது, தன்னால் இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட உள்ளே கால் வைக்க முடிந்ததில்லை, வாங்கினால் அவருக்கும் அதுதான் என்று சொன்னாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தெருவுக்கு வந்து ஒவ்வொருவராகக் கேட்டார். பக்கத்து வீட்டு ஆசிரியர், "ஆமாங்க, உண்மைதான்," என்றார். கோமதிநாயகி, நாற்காலியில் தூக்கிக்கொண்டு போன கதையைச் சொன்னாள். இஸ்திரிக்காரர், "பத்திரத்துல பேர் இருந்தா வழி கிடையாதுங்க," என்றார். தெருவில் கிரிக்கெட் ஆடிய சிறுமிகூட ஆட்டத்தை நிறுத்தாமலே ஆமாம் என்றாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. அதனாலேயே துரைக்கண்ணுவுக்கு, மொத்தத் தெருவும் சேர்ந்து தன்னை முட்டாளாக்கப் பார்க்கிறது என்று உறுதியாகிவிட்டது. முகம் சிவந்து, "நாளைக்கே பதிவு," என்றார்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் மின்விசிறி சுற்றியது, வியர்வை நிற்கவில்லை. பத்திரம் எழுதுபவர் விரலை விசைப்பலகைமேல் வைத்துக்கொண்டு, "யார் பேருக்குங்க?" என்று கேட்டார்.

துரைக்கண்ணு உடனே சொல்லவில்லை. அமலோற்பவத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த வேலாயுதத்தைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது. அமலோற்பவம் தரையைப் பார்த்தாள். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கத்தியை எடுத்த பிறகு பேசக் கூடாது என்று பழகியிருந்த வாய் அது. தானாக மூடிக்கொண்டது.

"என்னப்பா யோசனை?" என்றான் இளையவன் பொறுமையில்லாமல். "நம்ம பேருக்குத்தான். எப்பவும்போல."

"ஆமா," என்றார் துரைக்கண்ணு. "என் பேருக்கு. பசங்க பேரையும் சேத்துக்குங்க."

சாவியை வாங்கிக்கொண்டு அவர்கள் காரில் முன்னால் போய்விட்டார்கள். அமலோற்பவம் ஆட்டோவில் பின்னால் போனாள். வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. ஒருவேளை ஒரு பெயர் இருந்தால்தான் அப்படியோ, மூன்று பெயர் இருந்தால் விட்டுவிடுமோ, தான் கடைசியாக வாசற்படி ஏறிப் பார்த்தே வருஷங்கள் ஆகிறதே, இதற்குள் வீடு மாறிப்போயிருந்தால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே வந்தாள். ஆட்டோ தெருவில் நுழைந்தபோது மூவரும் உடைந்த கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மூத்தவன் படியேறினான். உள்ளே கூடத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு தமயந்தி நிற்பது தெரிந்தது. அவன் கால் வைத்தான்.

தெருவில் நின்றான்.

அவனுக்குப் பின்னால் இளையவன். அவனும் தெருவில் நின்றான். துரைக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உடம்பை உள்ளே தள்ளினார். பிடித்த பிடி காற்றில் இருக்க, தெருவில் நின்றார். மகன்கள் பின்கதவுக்கு ஓடினார்கள், ஏணி வைத்து மொட்டைமாடிக்கு ஏறினார்கள், மாடிப்படியில் இறங்கினார்கள், தெருவில் வந்து மோதிக்கொண்டார்கள். தெருவாசிகள் அவரவர் வாசலில் நின்று, தெரிந்த விஷயத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"என்ன செஞ்சு வச்சிருக்க?" என்று மூத்தவன் அமலோற்பவத்தின் மேல் பாய்ந்தான்.

"நேத்தே சொன்னேனே தம்பி," என்று அவள் அவனைத் தாண்டி நடந்தாள்.

படியேறினாள். பழகிப்போன கால் தெருவுக்கே திரும்பிவிடும் என்றுதான் எண்ணினாள். வலது காலை வைத்தாள். பாதத்தின் கீழ் மொசைக் தரை குளிர்ந்தது. இடது காலையும் வைத்தாள். உள்ளே இருந்தாள். தமயந்தி ஓடிவந்து கட்டிக்கொண்டபோது, அவளைத் தேற்றுவதா கூடத்தைப் பார்ப்பதா என்று அமலோற்பவத்துக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள்.

துரைக்கண்ணு வேலாயுதத்தை உள்ளே அனுப்பினார். அவர் போனார், நின்றார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், வெளியே வந்தார்.

"பாப்பா வரமாட்டேங்குதுங்க."

"தூக்கிட்டு வாய்யா!"

"உங்க பொண்ணுங்க. நீங்க தூக்குங்க. நான் தொடமாட்டேன்."

அன்று பொழுது சாய்வதற்குள் ஆலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அவர்களைத் தடுக்க வீட்டால் முடியாது, அவர்கள் பெயர் எதிலும் இல்லை. ஆனால் அவர்கள் செருப்போடு உள்ளே நுழைந்தபோது கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கோமதிநாயகி மெஸ்ஸையே அங்கே மாற்றியிருந்தாள். தெருப் பெண்கள் அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டும் கீரை ஆய்ந்துகொண்டும் இருந்தார்கள். நடுவில் எங்கோ தமயந்தி இருந்தாள். ஆட்கள் வெங்காயத்துக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். "யாரைத் தேடுறீங்க? உக்காருங்க, காப்பி குடிக்கிறீங்களா?" என்றாள் கோமதிநாயகி. அவர்களில் வயதானவர் செருப்பைக் கழற்றி விட்டு வந்து காப்பி வாங்கிக் குடித்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வேனுக்குத் திரும்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை முகூர்த்த நேரத்தில் துரைக்கண்ணு தெருவில், தன் வீட்டுக்கு எதிரே, மெஸ்ஸின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு முறை எடுத்தார். எதிர்முனையில் மாப்பிள்ளை பேசியது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. மண்டபத்தில் இத்தனை பேர் முன்னால் இந்த அவமானத்துக்குப் பிறகு அந்தப் பெண் தனக்கு வேண்டவே வேண்டாம் என்றான் அவன். துரைக்கண்ணு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மகன்கள் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார்கள். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை ஜன்னலண்டை வந்தார். "கதவைத் திற பாப்பா," என்றார்.

"திறந்துதான்ப்பா இருக்கு," என்றாள் தமயந்தி.

அவர் வாசலைப் பார்த்தார். அது உண்மையாகவே திறந்திருந்தது, முதல் நாளிலிருந்தே. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்ன பரீட்சை உனக்கு?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. அப்படியென்றால் என்ன என்றார். பாலத்தின் மேல் லாரி போகும்போது பாலம் எந்த இடத்தில் எவ்வளவு வளையும் என்று கணக்குப் போடுவது என்றாள். ஆலைக்குப் போகிற வழியில் ஓடைப்பாலம் ஏன் விரிசல் விட்டது என்று அவர் கேட்டார். அவள் நோட்டில் படம் போட்டுக் கம்பி வழியே காட்டினாள். பதில் சொல்லும்போதெல்லாம் ஒரு கை எட்டாத தூரத்தில்தான் நின்றாள்.

போவதற்கு முன் அவர் அமலோற்பவத்திடம், "இந்த வீட்டை நான் என்ன சிஸ்டர் பண்ண?" என்றார்.

"வாடகைக்கு விடுங்க. நான் இருந்துக்கிறேன்."

திங்கட்கிழமை பரீட்சை. தமயந்தி வெளியே வந்தே ஆக வேண்டும். தெருப் பெண்கள் சுற்றி நின்று கூட்டிப்போவது என்று முடிவாகியிருந்தது. ஆனால் அவள் ஹால் டிக்கெட்டோடு படியிறங்கியபோது கேட்டுக்கு வெளியே கார் நின்றது. துரைக்கண்ணு பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறு பாப்பா. காலேஜுல விட்டுர்றேன்."

அமலோற்பவம் அவள் தோளை அழுத்திப் பிடித்தாள். "நடந்தே போயிடலாம். நாங்க இருக்கோம்."

தமயந்தி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தாள். வேலாயுதம் கண்ணாடி வழியே அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அது வா என்பதா வராதே என்பதா என்று யாருக்கும் விளங்கவில்லை.

"இன்னைக்கு ஏறலைன்னா நான் எப்பவும் யாராவது சுத்தி நின்னுதான் நடக்கணும் சிஸ்டர்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தோளிலிருந்து அந்தக் கையை எடுத்து ஒரு முறை அழுத்திவிட்டு, காரில் ஏறினாள். துரைக்கண்ணு பக்கத்தில் ஏறிக் கதவை மூடினார்.

இரண்டாம் தெரு முடிகிற இடத்தில் சாலை பிரிகிறது. இடது பக்கம் போனால் நெடுஞ்சாலை, அதைப் பிடித்தால் அவர்கள் ஊர். வலது பக்கம் போனால் கல்லூரி வளைவு. தெருவில் அத்தனை பேரும், ஈரக் கையோடும் துடைப்பத்தோடும் இஸ்திரிப் பெட்டியோடும் நடுத்தெருவுக்கு வந்து, போகிற காரின் முதுகைப் பார்த்தபடி நின்றார்கள். முனையில் கார் நின்றது. குறுக்கே ஒரு டிப்பர் லாரி போனது, அதன் பின்னால் பள்ளிக்கூட வேன் போனது. வழி காலியான பிறகும் கார் நகரவில்லை. பின்கண்ணாடியில் இரண்டு தலைகள் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பியிருப்பது தெரிந்தது. அமலோற்பவம் தன்னையறியாமல் ஓடத் தொடங்கியிருந்தாள். செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடந்தது.

வலது பக்க விளக்கு மினுக்கத் தொடங்கியது. கார் மெல்ல, கல்லூரி பஸ்ஸுக்கு வழிவிட்டு, அதன் பின்னாலேயே வலது பக்கம் திரும்பியது.

கோமதிநாயகி நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். அமலோற்பவம் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு திரும்பி நடந்து, செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, பரீட்சை எழுதிவிட்டு வருகிற பிள்ளைக்குப் பசிக்குமே என்று, உலை வைக்கத் துரைக்கண்ணுவின் வீட்டுக்குள் போனாள்.